மழைவெட்டி முதலில் யாரிடம் இருந்தது

நான் எழுதிய மூன்று நாவல்களிலும் ஒரு வாள் வருகிறது. மழைவெட்டி என்று பெயர். அதை ஓங்கினால் பெய்கிற மழை இரண்டாகப் பிளந்து ஒதுங்கும். வாளை வைத்திருப்பவனின் படை நனையாது, எதிரியின் படை சேற்றில் புதையும். ஏழு தீவுகளை ஆண்ட ஒரு கற்பனை அரசனின் இடுப்பில் தொடங்கி, தளபதி, துரோகி, படகோட்டி என்று அது கைமாறிக்கொண்டே போகும். கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒருவன் இப்படி எழுதுவான் என்று எங்கள் ஊரில் யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த ஆச்சரியத்தை நான் நன்றாகவே அனுபவித்தேன். விழாக்களில் பேசக் கூப்பிட்டால் நேரத்துக்கு முன்பே போய் முன்வரிசையில் இருந்துவிடுவேன். கூப்பிடாவிட்டால் இரண்டு நாள் வீட்டில் யாரும் என்னோடு கதைக்க முடியாது.

போன மாசியில் ஒரு பின்னேரம், பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை ஒருத்தி தெல்லிப்பழையிலிருந்து ஸ்கூட்டியில் என்னைத் தேடி அச்சுவேலிக்கு வந்தாள். என் நாவல்களை வாசிக்கிற இளம் ஆட்கள் கைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். மழைவெட்டியின் வரலாறு பற்றி அங்கே ஓயாத வாக்குவாதமாம். கேட்கவே எனக்கு வாய் காது வரை போய்விட்டது. அவள் ஒரு கொப்பியை விரித்து மேசையில் வைத்தாள். பெட்டி பெட்டியாகக் கீறி, ஒவ்வொன்றிலும் வாளை வைத்திருந்தவரின் பெயரை எழுதி, அம்புக்குறி போட்டு இணைத்திருந்தாள். மேலே இருந்த முதல் பெட்டி மட்டும் வெறுமையாக இருந்தது.

"சேர், வாளை வைச்சிருந்த ஆக்களை எல்லாம் வரிசையாப் பிடிச்சிட்டன். முதல் ஆளைத்தான் காணேல்லை" என்றாள்.

"முதல் ஆள் அரசன்தானே பிள்ளை."

"இல்லை சேர். முதலாம் பாகத்திலை அது அரசனுக்கு வழிவழியா வந்தது எண்டு எழுதியிருக்கிறியள். ரெண்டாம் பாகத்திலை கடலுக்கை இருந்து எடுத்தது எண்டு வருது. மூண்டாம் பாகத்திலை அரசன் சாகேக்கை, 'இது என்னுடையதல்ல, உரியவளிடம் சேர்த்துவிடுங்கள்' எண்டு சொல்லுறார். உரியவள் எண்டு கிடக்கு சேர். அப்ப ஆரோ ஒரு பொம்பிளை. ஆர் அவ?"

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. நான்தான் எழுதியிருக்கிறேன், நான்தான் அச்சுப்பிழை திருத்தியிருக்கிறேன், ஆனால் அந்தச் சொல் என் கண்ணில் பட்டதேயில்லை. பரீட்சை மண்டபத்தில் பிடிபட்ட பெடியன்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான். அவர்களின் முகம் எப்படியிருக்கும் என்று தெரியும். அந்த முகத்தோடுதான், "அது நாலாம் பாகத்திலை வரும். பொறுத்திருந்து பாரும்" என்று சொன்னேன். அவள் சந்தோசத்தோடு கொப்பியை மூடினாள். நாலாம் பாகத்தில் நான் ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மழைவெட்டி என்னுடையதல்ல. அது என் மனைவி சொன்ன கதை.

அவள் சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவள். எங்கள் மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது சாப்பாடு என்றாலே ஓடி ஒளிப்பாள். குசினி வாசற்படியில் அவளைப் பிடித்து இருத்தி, புட்டைக் குழைத்து ஒவ்வொரு வாயாக ஊட்டிக்கொண்டு மனைவி கதை சொல்லுவாள். நான் முன்னறையில் சோதனைத் தாள் திருத்திக்கொண்டிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது எல்லாம் எனக்குக் கேட்கும். கேட்கவில்லை என்று நானே என்னை நம்பவைத்திருந்தேன்.

அவள் சொன்ன கதையில் அரசனும் இல்லை, படையும் இல்லை. புகையிலையை வெட்டித் தோட்டத்திலேயே வெயிலில் வாடப் போடுவார்கள். அந்த நேரம் பார்த்து மழை பெய்தால் இலையின் காரம் கழுவுப்பட்டு, பட்ட பாடெல்லாம் மண்ணாகிவிடும். ஒரு பெண் அப்படி வெட்டிப் போட்டுவிட்டு நிமிர்கிறாள், காலம் தப்பி மழை இறங்குகிறது. கோபத்தில் அவள் கையிலிருந்த கத்தியால் மழையை ஒரு வெட்டு வெட்டுகிறாள். மழை இரண்டாகப் பிரிந்து பக்கத்துத் தோட்டங்களில் பெய்கிறது, அவளுடைய இலை நனையவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கத்தி ஒரு விரலளவு வளர்ந்து, வளர்ந்து, கடைசியில் வாளாகிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் கண்டவன் எல்லாம் அதை ஆசைப்பட்டுத் தேடி வருகிறான்.

நான் அந்தக் கண்டவன்களில் இருந்து கதையைத் தொடங்கினேன். புகையிலைத் தோட்டத்துப் பெண்ணை வைத்து ஒரு மாபெரும் நாவலைத் தொடங்கினால் எவன் மதிப்பான் என்று யோசித்தேன். அவளைத் தூக்கிவிட்டு ஓர் அரசனை இருத்தினேன். முதலாம் பாகம் வெளிவந்தபோது முன்னுரையில் அச்சகத்தாருக்கு நன்றி, அட்டைப்படம் கீறியவருக்கு நன்றி, கூடப் படிப்பித்த ஆசிரியர்களுக்கு நன்றி, எல்லாம் எழுதி, கடைசியில் 'என் எழுத்துப் பணிக்கு இடையூறு செய்யாத மனைவிக்கும்' என்று போட்டேன். அவள் அதை வாசித்துவிட்டு, "நல்லகாலம், இடையூறு செய்யேல்லை" என்று சிரித்தாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட மடையன் நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய பெண்களைப் போல அவளும் கணவன் பெயரைச் சொல்ல மாட்டாள். என்னைக் கூப்பிட "இஞ்சாருங்கோ" தான். அரசாங்கக் கந்தோர்களில் யாராவது கணவன் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்ப்பாள், அவர்கள் சொல்லுவார்கள். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் அவளை மறித்து வைத்து வைத்தியம் பார்த்த நாட்களில் ஒரு தாதி கேட்டாளாம். நான் அப்போது தேநீர் வாங்கப் போயிருந்தேன். மனைவி கட்டில் அருகே கிடந்த என் நாவலை எடுத்து, அட்டையைத் திருப்பி, விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறாள். தாதி இதை எனக்குச் சொன்னபோது பெருமையில் எனக்குத் தலை கால் தெரியவில்லை. அவளுடைய கதையின் மேல் என் பெயர் அச்சடித்திருப்பதையே அவள் தொட்டுக் காட்டினாள் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மனைவி இறந்த பிறகும் நான் திருந்தவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் 'கல்வெட்டு' என்று ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். முன்பக்கத்தில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், பிறகு அவரின் வாழ்க்கை வரலாறு. அந்த வரலாற்றை எழுதுவதற்கு அயலெல்லாம் என்னிடம்தான் வரும். பாதி ஊருக்கு நான்தான் எழுதியிருக்கிறேன். எழுதி எழுதி எனக்கு ஓர் அச்சே இருந்தது. நற்குடியில் உதித்தார், இன்முகத்தோடு விருந்தோம்பினார், கணவனின் குறிப்பறிந்து நடந்தார். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும். என் மனைவிக்கும் அதையே எழுதினேன். அழுதுகொண்டுதான் எழுதினேன், ஆனால் அதையேதான் எழுதினேன்.

மகள் லண்டனிலிருந்து அந்தியேட்டிக்கு வந்திருந்தாள். கல்வெட்டை வாசித்து முடித்துவிட்டு, "அம்மா கதை சொல்லுவா எண்டு ஒரு வரி போட்டிருக்கலாம் அப்பா" என்றாள். "கல்வெட்டிலை உதெல்லாம் போடுறேல்லை பிள்ளை" என்றேன். முறை தெரிந்தவன் அல்லவா நான். முறையைக் கொண்டுபோய் உடைப்பில் போட வேண்டும்.

இவ்வளவும் அந்தப் பல்கலைக்கழகப் பிள்ளை போன பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னால் இருந்துகொண்டன. எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. நாலாம் பாகத்தில் மழைவெட்டியை அந்தப் புகையிலைத் தோட்டத்துப் பெண்ணிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, கதை உண்மையில் யாருடையது என்று முன்னுரையில் எழுதுவது. அதற்கு அந்தப் பெண்ணின் பெயர் வேண்டும். மனைவி அவளுக்கு ஒரு பெயர் சொல்லித்தான் கதையைத் தொடங்குவாள் என்பது நிச்சயம். என்ன பெயர் என்பதுதான் எனக்கு நினைவில்லை. புதிதாக ஒரு பெயரை நானே வைத்துவிடலாம். ஆனால் இதற்குள்ளும் என் கையை வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் வைத்த பெயர்தான் வேண்டும்.

பழைய கொப்பிகளைக் கிளறினேன். சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் அந்தக் காலத்தில் நான் கிறுக்கிய குறிப்புகள் அகப்பட்டன. 'கத்தி - மழை - வளர்கிறது' என்று இருந்தது. அதற்குக் கீழே, 'பெண் வேண்டாம். அரசன்?' என்று இருந்தது. பெயர் இல்லை.

மறுநாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சண்டிலிப்பாய்க்குப் போனேன். மனைவியின் தமக்கை, எனக்கு மச்சாள், இன்னும் அந்தத் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார். இப்போது புகையிலை இல்லை, வெங்காயமும் மரக்கறியும்தான். முற்றத்தில் வெங்காயத்தைப் பரப்பி, அதன் தாளைக் கத்தியால் அரிந்துகொண்டிருந்தார். நான் விசயத்தைச் சொன்னேன்.

"மழையை வெட்டினவளோ? அது நான்தான்" என்றார்.

"பகிடி விடாதேங்கோ மச்சாள். கதையிலை வாற பொம்பிளையின்ரை பேர் கேக்கிறன்."

"அதைத்தான் நானும் சொல்லுறன் மாஸ்ரர். என்ரை பேர்தான். சின்னனிலை நாங்கள் ரெண்டு பேரும் இலைக்குக் காவல் இருக்கேக்கை தங்கச்சி சொல்லுவாள். ஒருக்கா மழை வந்தது, அக்கா எழும்பி வெட்டினா எண்டு. நெடுக நான்தான் வெட்டுறது."

வயது போன மனுசி, தங்கை மேலுள்ள பாசத்தில் தன்னைக் கதைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்கும், என் முகம் அப்படிப்பட்டது. அவர் ஒரு பிடி வெங்காயத்தைப் பையில் போட்டுத் தந்து அனுப்பினார்.

அன்று மத்தியானமே மகளுக்கு அழைப்பு எடுத்தேன். "பிள்ளை, அம்மா உனக்குச் சாப்பாடு தீத்தேக்கை சொன்ன கதையிலை, மழையை வெட்டின பொம்பிளையின்ரை பேர் என்ன?"

"அது நான்தானே அப்பா" என்றாள்.

கணக்குக்கு ஒரு விடைதான் இருக்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு விடை சொன்னால் ஒன்று பிழை. முப்பது வருடம் நான் அப்படித்தான் படிப்பித்தேன். "பெரியம்மா தன்ரை பேர் எண்டு சொல்லுறா, நீ உன்ரை பேர் எண்டு சொல்லுறாய்" என்று கொஞ்சம் காரமாகவே கேட்டேன்.

மகள் சிரித்தாள். "ரெண்டும் சரிதான் அப்பா. ஆர் கேக்கினமோ அவையின்ரை பேர்தான். அம்மா என்ரை மகளுக்குப் போனிலை சொல்லேக்கை அவளின்ரை பேரைப் போட்டுத்தான் சொல்லுறவ. வாள் முதலிலை கதை கேக்கிற ஆளிட்டைத்தான் இருக்கும். உங்களுக்குத் தெரியாதே? அம்மா உங்களுக்குச் சொல்லேல்லையே?"

"பேந்து எடுக்கிறன் பிள்ளை" என்று வைத்துவிட்டேன்.

மகளின் பெயர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ தரம் என் காதில் விழுந்திருக்கிறது. பிள்ளையைச் சாப்பிட வைக்கச் செய்கிற தந்திரம் என்று நினைத்து அதைத் தள்ளிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கதையின் தலையே அதுதான் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் மிகவும் சின்னது. நான் ஒரு நாளும் எழும்பிப்போய் அந்த வாசற்படியில் இருக்கவில்லை. எனக்குச் சொல்லும் என்று அவளிடம் கேட்கவில்லை. ஒட்டுக்கேட்டேன், அவ்வளவுதான்.

நான் அழுதேன் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. அழுதுவிட்டு, ஆண்பிள்ளைகள் செய்கிற வேலையைத்தான் செய்தேன். எதையாவது திருத்த முடியுமா என்று பார்த்தேன். அச்சகத்துக்குப் போய், மூன்று நாவல்களையும் இனி அச்சிட்டால் அட்டையில் முதலில் மனைவியின் பெயர், அதற்குக் கீழே என் பெயர் என்று சொன்னேன். அச்சகக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "நல்ல காரியம் மாஸ்ரர், அவவின்ரை நினைவா இருக்கும்" என்றார். "நினைவுக்கில்லை, எழுதினது அவ" என்றேன். வெளியே வந்தபோது மனம் லேசாக இருந்தது. எனக்கு எப்போதும் இப்படித்தான், ஒரு நல்ல காரியம் செய்துவிட்டால் அதை உடனே யாருக்காவது சொல்ல வேண்டும். நேரே சண்டிலிப்பாய்க்கு விட்டேன்.

மச்சாள் வெங்காயத் தாளை அரிந்தபடியே கேட்டுக்கொண்டு இருந்தார். "சரி, செய்யத்தான் வேணும்" என்றார். அவர் அதற்குமேல் புகழாதது எனக்குக் கொஞ்சம் குறையாகக்கூட இருந்தது. எழும்பப் போன நான் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"எனக்குச் சொல்லியிருந்தால் ஆரின்ரை பேரைப் போட்டிருப்பா மச்சாள்? என்ரை பேர்தான் அவ சொல்ல மாட்டாவே."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "இதை நானும் ஒருக்கா தங்கச்சியிட்டைக் கேட்டனான். உங்கடை ரெண்டாவது புத்தகம் வந்த நேரம். எல்லாருக்கும் சொல்லுறாய், மாஸ்ரருக்குச் சொன்னால் என்னெண்டு சொல்லுவாய் எண்டு. அவள் சிரியோ சிரியெண்டு சிரிச்சாள். 'அவர் கேட்டால் அண்டைக்கு ஒரு நாள் அவரின்ரை பேரைச் சொல்லிப்போடுவன் அக்கா, கதைக்குள்ளை சொன்னால் குற்றமில்லை' எண்டாள். யோசிச்சுத்தான் வைச்சிருந்தவள்."

எழும்பினவன் திரும்ப இருந்தேன்.

"ஒருக்காவாவது கேட்டனீங்களோ?" என்றார்.

"இல்லை" என்றேன்.

அது பாதி உண்மைதான். மிச்சப் பாதியை மச்சாளிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் அது கடைசிக் கிழமை. நோயாளரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் போய்விட்ட ஒரு மத்தியானம். நான் கட்டிலருகே மர வாங்கில் இருந்துகொண்டு, மடியில் மூன்றாம் பாகத்தின் அச்சுப்படிகளை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். அச்சகத்துக்கு அடுத்த நாள் கொடுக்க வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், நித்திரை என்று நினைத்தேன்.

"இஞ்சாருங்கோ" என்றாள்.

"ம்."

"மழைவெட்டி முதலிலை ஆரிட்டை இருந்தது எண்டு உங்களுக்குச் சொல்லட்டே?"

நான் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. ஓர் எழுத்துப்பிழையில் பென்சிலை வைத்துக்கொண்டிருந்தேன். "எனக்கே? நான்தானே அதை எழுதினது" என்றேன்.



"ஓம், அதுவும் சரிதான்" என்றாள். பிறகு, "தேத்தண்ணி குடிச்சனீங்களோ?" என்று கேட்டாள். குடித்துவிட்டேன் என்று சொன்னேன்.